சைலசின் வெறும் தூக்க ஊசி அல்ல

பந்தயக் குதிரையை லாரியில் ஏற்றும் முன் சைலசின் ஊசியை நாமே போடலாம், தூங்க வைப்பதோடு சரி என்று தஞ்சாவூர், கும்பகோணம் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும் குதிரையின் இதயத் துடிப்பு இந்த மருந்தால் நன்றாகவே குறையும். நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகும். ரத்த அழுத்தம் முதலில் ஏறி, அப்புறம் இறங்கும். இதயம் வெளியே தள்ளும் ரத்தமும் குறையும். ஆரோக்கியமான குதிரை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வெயிலில் ஓடிக் களைத்தது, உடம்பில் நீர் வற்றியது தாங்குமா? அதுதான் என் பயம்.

ஊசி போடும் கழுத்துச் சிரைக்குப் பக்கத்திலேயே தமனியும் ஓடுகிறது. ஊசி தவறி அதில் இறங்கினால் அடுத்த நொடியே வலிப்பு வந்து குதிரை விழும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்ட பிறகு அவரே போடட்டும்.