தமிழ்ப் பேரை ஃபைல்ல எழுதிக் காட்டாத பைத்தான் நோட்ஸ் யாருக்கு?

பைத்தான்ங்கிற புரோகிராம் மொழிக்கு நோட்ஸ் எழுதுறவங்க எல்லாரையும் ஒரு நாளைக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு உரக்கடைக் கல்லாவுல உக்கார வைக்கணும். 'ஹலோ வேர்ல்ட்'டை ஃபைல்ல எழுதிக் காட்டிட்டு, பாடம் முடிஞ்சதுன்னு பக்கத்தைத் திருப்புறது எவ்வளவு பெரிய அநியாயம்னு அப்பத்தான் புரியும்.

என்கிட்ட கத்துக்க வர்ற பொண்ணு ஒருத்தி, காலேஜ்ல கொடுத்த லேப் மேனுவலை வரி விடாம படிச்சவ. அப்பாவோட உரக்கடைக்குக் கடன் பாக்கி லிஸ்ட் போட அவளே ஒரு புரோகிராம் எழுதினா. சம்பா நடவு நேரத்துல பாதி ஊரு கடன் சொல்லித்தான் யூரியாவும் டிஏபியும் தூக்கிட்டுப் போகும். பேரெல்லாம் இங்கிலீஷ்ல இருந்த வரைக்கும் ஒழுங்கா ஓடிச்சு. "எனக்குப் படிக்கத் தோதா தமிழ்ல போடும்மா"ன்னு அப்பா சொன்னார். மாத்தினா. திரையில பிரிண்ட் பண்ணினப்ப அட்டகாசமா வந்துச்சு. ஃபைல்ல எழுதுற வரிக்கு வந்ததும் 'யூனிகோட் என்கோட் எரர், சார்மேப் கோடெக்'குன்னு சிவப்பு எழுத்துல கத்திட்டு நின்னுடுச்சு. சரி, புதுசு ஏறலை, பழசாவது இருக்குமேன்னு ஃபைலைத் திறந்தா 0 கேபி. பழைய லிஸ்ட்டும் காலி. "அக்கா, மேனுவல்ல இருக்கிற மாதிரியேதானே எழுதினேன்"னு கண்ணுல தண்ணியோட நிக்கிறா. அவகிட்ட என்ன தப்பு இருக்கு?

நடந்தது இதுதான். ஃபைலைத் திறக்குற 'ஓப்பன்' கட்டளையில என்கோடிங் (எழுத்தை எந்த அட்டவணைப்படி எண்ணா மாத்திச் சேமிக்கணும்ங்கிறது) சொல்லலைன்னா பைத்தான் அந்த மெஷினோட வழக்கத்தை எடுத்துக்கும். நம்ம ஊர் விண்டோஸ்ல அது பெரும்பாலும் சிபி1252. மொத்தமே 256 இடம் உள்ள அட்டவணை அது, அதுல தமிழ் எழுத்து ஒண்ணுகூடக் கிடையாது. சரி, பழசு ஏன் போச்சு? 'டபிள்யூ' மோடுல ஃபைலைத் திறந்த அந்த நொடியே உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிடும். எழுதுறது அதுக்கப்புறம்தான். எழுதுறப்ப எரர் வந்தா, கையில மிஞ்சுறது வெத்து ஃபைல். மேனுவல்ல 'டபிள்யூ - எழுத'ன்னு ரெண்டே வார்த்தை போட்டிருக்கு. 'ஏற்கனவே இருக்கிறதை அழிக்கும்'னு சேர்த்து எழுத மை தீர்ந்து போச்சா? ஓப்பன்ல என்கோடிங் யூடிஎஃப்-8னு (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தும் அடங்குற முறை அது) ஒரு சொல் சேர்த்திருந்தா இந்த வம்பே இல்லை. பைத்தானோட அதிகாரபூர்வ டுடோரியல் அப்படித்தான் எழுதச் சொல்லுது. அதைக் காப்பி அடிச்சிருந்தாக்கூட நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்!

மேனுவல் எழுதினவர்கிட்ட கேட்டா என்ன பதில் தெரியுமா? "என் லேப்டாப்ல ஓடுதே." அவர் வெச்சிருக்கிறது லினக்ஸ், அங்க யூடிஎஃப்-8தான் வழக்கம், ஓடத்தான் செய்யும். பசங்க கையில இருக்கிறது விண்டோஸ். பைத்தான் 3.15 பதிப்புல எல்லா மெஷினுக்கும் யூடிஎஃப்-8ஐயே வழக்கமாக்க முடிவு பண்ணியிருக்காங்கன்னு இன்னொருத்தர் சமாதானம் சொல்றார். நம்ம லேப் மெஷின்ல அது எந்தக் காலத்துல ஏறும்?

ஃபார்மேட்டிங், அதாவது பேரையும் எண்ணையும் அழகா அடுக்கிக் காட்டுற பாடம், இதைவிட மோசம். அதுக்குச் சுலபமான வழியான எஃப்-ஸ்ட்ரிங் பைத்தான் 3.6ல, 2016லயே வந்தாச்சு. மேனுவல் இன்னும் பழைய சதவீதக் குறி முறையைத் தாண்டலை. பேருக்கு 15 இடம் ஒதுக்கினா பத்தி பத்தியா நேரா நிக்கும்னு அடிச்சுச் சொல்லுது. தமிழ்ல போட்டுப் பாருங்க. 'தஞ்சாவூர்' நம்ம கண்ணுக்கு 5 எழுத்து, பைத்தானுக்கு 9. புள்ளியையும் துணைக்காலையும் அது தனித்தனியா எண்ணும். பாக்கித் தொகை ஒரு வரியில இங்க, அடுத்த வரியில அங்கன்னு கோணலா நிக்கும். எழுத்தை நாமளே எண்ணிக் கொடுத்தாலும் நேராகாது, ஏன்னா 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலம் இல்லை. இந்த மாதிரி லிஸ்ட்டை சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச ஃபைலா) எழுதி எக்செல்ல திறக்குறதுதான் உருப்படியான வழி. அதுலயும் வெறும் யூடிஎஃப்-8 போட்டு, டபுள் கிளிக்ல திறந்தா எக்செல் கன்னாபின்னான்னு காட்டும். ஃபைல் தலையில 'இது யூடிஎஃப்-8'ன்னு ஒரு அடையாளம் வைக்கிற யூடிஎஃப்-8-சிக் போடணும். ஓப்பன்ல நியூலைனுக்கு உள்ள எதுவும் இல்லாத வெறும் மேற்கோள்குறி கொடுக்கணும், இல்லைன்னா விண்டோஸ்ல வரிக்கு வரி ஒரு வெத்து வரி விழும். இந்த ரெண்டு வரியை எந்த நோட்ஸ்லயாவது காட்டுங்க பார்ப்போம்.

அப்புறம் அந்த கமா. எண்ணுக்கு கமா போட ஃபார்மேட்ல ஒரு கமா வெச்சாப் போதும்னு பெருமையா ஒரு வரி. பன்னிரண்டரை லட்சத்தை அது 1,250,000னு காட்டும். நெல்லு போட்டுப் பணம் வாங்குற மனுஷன் அதை எப்படிப் படிப்பான்? அவனுக்கு 12,50,000. லட்சக் கணக்குக்கு அந்தக் கமா உதவாது, தனியா எழுதிக்கணும்னு சொல்ல வேண்டியது யாரோட வேலை?

சார், மேடம், கெஞ்சிக் கேக்கிறேன். அடுத்த பேட்ச்சுக்கு மேனுவலை அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, அதுல இருக்கிற ஒவ்வொரு புரோகிராமையும் ஒரு சாதா விண்டோஸ் மெஷின்ல, நீடாமங்கலம், வலங்கைமான்னு தமிழ்லயே ஊர்ப் பேரைக் கொடுத்து ஓட்டுங்க. எரர் வந்தா அந்தப் பக்கத்தைத் திருத்துங்க. திருத்த நேரமில்லைன்னா அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க, நாங்களே சொல்லிக் கொடுத்துக்கிறோம்.