சோதனைக் கலப்பு: நான்கு நெட்டைச் செடிகள் எதையும் நிரூபிக்காது

யாழ்ப்பாணத்து உயர்தர உயிரியல் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு 'பரீட்சைக் குறிப்பு' சுற்றுகிறது: நெட்டைப் பட்டாணியின் பிறப்புரிமையமைப்பை (அது நெட்டைக்குரியதை மட்டும் கொண்ட தூய செடியா, குட்டைக்குரியதும் கலந்த கலப்பினமா என்பதை) அறிய, எந்த நெட்டைச் செடியுடனும் கலக்கலாம், பிறக்கும் நான்கும் நெட்டையென்றால் அது தூயது. இரண்டும் பிழை.

இதை அறியச் செய்யும் கலப்பே சோதனைக் கலப்பு. அதில் துணைச்செடி பின்னிடைவான இயல்பை (நெட்டைக்குரியது கூட இருந்தால் மறைந்துபோகும் இயல்பை) காட்டும் குட்டைச் செடியாகவே இருக்க வேண்டும். குட்டைச் செடியிடம் குட்டைக்குரிய எதிருரு (பரம்பரையலகின் ஒரு வடிவம்) மட்டுமே உண்டு. ஆகவே சோதிக்கப்படும் செடி எதைக் கொடுத்ததோ, அதுவே சந்ததியில் வெளித்தெரியும். துணை தூய நெட்டையானால் சந்ததி முழுவதும் நெட்டைதான், ஒன்றும் தெரியவராது.

எண்ணிக்கையில்தான் பிள்ளைகள் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள். ஒரு குட்டை முளைத்தாலே செடி கலப்பினம் என்பது உறுதி. எல்லாம் நெட்டையாக வந்தால் அந்த உறுதி கிடையாது. சரியான சோதனைக் கலப்பிலும், கலப்பினச் செடி ஒன்று நான்கு சந்ததிகளையும் நெட்டையாகத் தர 16இல் 1 வாய்ப்பு இருக்கிறது. பத்துச் செடிகளென்றால் அது 1,024இல் 1 ஆகக் குறையும். அதனால்தான் நிறைய விதைகளை முளைக்கவைத்து எண்ண வேண்டும்.

தேசிய கல்வி நிறுவகத்தின் உயிரியல் வளநூலில் பிறப்புரிமையியல் பகுதியைப் பாருங்கள், ஆசிரியரிடமும் கேளுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குறிப்பைத் தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள்.