எங்கள் தீவின் விதை எங்கள் வீடுகளில்தான் இருக்க வேண்டும்

கிணற்றடியில் நிற்கும் கத்தரிச் செடிகளில் ஐந்துக்குச் சிவப்புச் சீலைத் துண்டு கட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு காய் பறிக்காமல் கிடக்கிறது. ஊதா நிறம் போய், தோல் மஞ்சளாகி, இப்போது மண்ணிறத்துக்கு வந்துவிட்டது. போன கிழமை வேலியடியில் நின்ற மாமி கேட்டார்: "ஏன் பிள்ளை, காயை முத்த விட்டிட்டாய்? ஒரு கறிக்குக் கண்டிருக்குமே." விதைக்கு மாமி என்றேன். "விதைதானே, கடையிலை பைக்கற்றிலை கிடக்கு" என்றார். வேலியடியில் முழுதாகச் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவில். இங்கே தண்ணீர் எப்படி என்று தீவகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கனமான கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. எங்கள் கிணறுகளில் அள்ளுவது அந்தப் படையைத்தான். கார்த்திகை, மார்கழியில் குடிக்கலாம் போல இருக்கும் அதே கிணறு, ஆடி ஆவணியில் சவர் ஏறிவிடும். பைக்கற்றில் வரும் விதையின் தாய்ச்செடி நல்ல தண்ணீரும் உரமும் குடித்து வளர்ந்தது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆவணித் தண்ணீரை அது கண்டதில்லை.

அம்மம்மா விதைக்குச் செடி பார்த்தது பெரிய காயை வைத்து இல்லை. கோடை முற்றும்வரை பேசாமல் இருப்பார். பக்கத்துச் செடியின் இலை விளிம்பு கருகும்போதும் எது பச்சையாக நின்று பூக்கிறதோ, அதில்தான் சீலை கட்டுவார். இப்படி ஒவ்வொரு வருடமும் எங்கள் தண்ணீருக்குத் தாக்குப்பிடித்த செடிகளை மட்டும் தெரிந்தெடுத்தபடியே போனால், அந்த விதை மெல்ல மெல்ல இந்த மண்ணுக்கே உரியதாகிவிடும். அவர் இதற்குப் பெயர் ஏதும் வைக்கவில்லை.

1991இல் போரால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதிகளும் கொஞ்ச உடுப்பும்தான் கையில் இருந்தன. குசினியில் அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கிய விதைச் சுரைக்குடுவைகளை ஒருவரும் நினைக்கவில்லை. சித்தி மட்டும் ஒரு பிடி வெண்டி விதையைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். இருந்த இடமெல்லாம் நாலு செடியாவது போட்டார். இன்று என் வளவில் நிற்கும் வெண்டி அதுதான். அம்மம்மாவின் நீட்டுக் கத்தரி திரும்பக் கிடைக்கவே இல்லை. நான் வைத்திருப்பது நெடுந்தீவில் ஓர் உறவினர் தந்தது. நல்ல கத்தரிதான், ஆனாலும் அது வேறு. விதை ஒரு வீட்டில் மட்டும் இருந்தால், அந்த வீட்டுக்கு என்ன நடக்கிறதோ அதுவேதான் விதைக்கும்.

பைக்கற் விதையையும் நான் போட்டுப் பார்த்தேன். முதல் வருடம் எல்லாச் செடியும் ஒரே மாதிரி, நல்ல காய்ப்பு. ஆசைப்பட்டு அதிலிருந்து விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால், ஒன்றில் உருண்டைக் காய், ஒன்றில் நீட்டு, ஒன்று பூத்து உதிர்ந்ததோடு சரி. பைக்கற்றில் எஃப்1 என்று போட்டிருந்தது. அதன் பொருளை விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. இரண்டு வேறு வகைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை அது. அடுத்த தலைமுறையில் தாய் தகப்பன் குணங்கள் பிரிந்து போய்விடும். ஒவ்வொரு வருடமும் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது பிரச்சினையில்லை. கப்பலும் கடையும் நின்றுபோன காலத்தைக் கண்ட எங்களுக்கு அது பிரச்சினை.

விதை எடுப்பதற்குத் தீவைவிட நல்ல இடம் இல்லை என்பேன். பூசணி தேனீயால் கலக்கும். வகை கெடாமல் வைத்திருக்க ஒரு கிலோமீற்றர் அளவு இடைவெளி கேட்பார்கள். எங்களுக்கும் நயினாதீவுக்கும் நடுவில் கடலே கிடக்கிறது! அயலில் வேறு பூசணி நின்றால், நாளைக்கு விரியப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவிட்டு, விடியக் காலையில் கையால் தொட்டு வைத்து, பெண் பூவைத் திரும்பக் கட்டினால் சரி. புடோலுக்கு இராப்பூ, விட்டில்கள்தான் வரும். நுனியெல்லாம் வெள்ளை நூல் பிரிந்தது போல் அது விரிவதை ஒருநாள் ரோர்ச் லைற்றோடு போய்ப் பாருங்கள். பயற்றைக்கு இந்தப் பாடு இல்லை. தன் பூவிலேயே தான் கருக்கட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதில் தொடங்கலாம்.

எங்களுக்குச் சிக்கல் கடற்காற்று. காய்ந்த விதையும் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். விதையில் ஈரம் ஒரு வீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதைக்காரரின் பழைய கணக்கு. தகரத்தில் மத்தியான வெயிலில் போட்டுச் சுடவிடாமல் நிழற்காற்றில் காயவையுங்கள். பூசணி விதை வளையாமல் முறிய வேண்டும். அப்புறம் மூடி இறுகும் போத்தலில், அரிசியை வறுத்து ஆறவிட்டுச் சீலையில் முடிந்து உள்ளே போடுங்கள். பயற்றைக்கு மட்டும் சாம்பல் கலக்காவிட்டால் வண்டு தின்றுவிடும்.

கன்னொறுவையில் பயிர் விதைகளைச் சேமித்து வைக்கும் அரசின் மரபணு வள நிலையம் இருக்கிறதே, அங்கே கொடுத்தால் பத்திரம்தானே என்று ஒரு தம்பி கேட்டார். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் குளிர் அறையில் கிடக்கும் விதை, போன நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கும். சவர் ஏறிக்கொண்டே போகும் கிணற்றோடு சேர்ந்து மாற, அது மண்ணில் நிற்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு ஒன்று. லீவில் வரும்போது விதைப் பைக்கற்றுகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவராதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத விதையோடு புது வைரஸும் வரலாம். இவ்வளவு சின்னத் தீவில் ஒரு நோய் பரவ எவ்வளவு நேரம்? காசு அனுப்ப விரும்பினால் கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் அனுப்புங்கள்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மரக்கறிக்கும் மூன்று வீடு. ஒரு வீட்டில் கெட்டால் மற்ற இரண்டில் இருக்கும். ஒரு காயில் எடுக்காமல் பல செடியில் எடுத்துக் கலந்து வையுங்கள். விதைக்கும் முன்பு பத்து விதையை ஈரச் சீலையில் சுற்றி எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாங்கியவர் அடுத்த வருடம் அதே அளவைத் திருப்பித் தர வேண்டும், காசு வேண்டாம்.

வெண்டியும் கத்தரியும் என்னிடம். வெண்டிக்கு இன்னும் இரண்டு வீடு சேர்ந்தாயிற்று, கத்தரிக்கு ஒன்று குறைகிறது. பயற்றையை மாமி தானே எடுப்பதாக நேற்றுச் சொன்னார். புடோலுக்கும் பாகலுக்கும் ஒருவரும் இல்லை. மழைக்கு முன் சொல்லுங்கள், போத்தலோடு வருகிறேன்.