என் மகனை விட்டுவிடுங்கள்

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சபைக் காரியத்தை முகநூலில் பேசாதீர்கள் என்று இளம் ஆயர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அன்று மாலையே வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக வந்திருக்கும். வேறு ஊரில் இருக்கும் என் அக்கா அதைக் கேட்டுவிட்டு ராத்திரி பத்தரை மணிக்கு அழைத்து அழுதாள். இனிமேல் இது சபைக்குள் இருக்கிற விஷயம் இல்லை.

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கு வாசித்தாயிற்று, கூரை வேலை பற்றிப் பேசியாயிற்று. "வேறு ஏதாவது உண்டா?" என்று செயலாளர் கேட்டபோது மூத்தவர் ஒருவர் எழுந்தார். திடப்படுத்தல், அதாவது குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்த பிறகு சபைமுன் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் சடங்கு, அதற்கான பட்டியலில் ஆயர் மகன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் 1 தீமோத்தேயு 3:5 வாசித்தார். சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று கேட்கிற வசனம். வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் மகன் அப்போது ஆலயத்தின் பின்பக்கம் ஒலிபெருக்கிப் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு 16 வயது. பெரியவர் எழுந்தபோது மைக் சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டி வைத்ததே அவன்தான்.

என் கேள்வி ஒன்றுதான். அந்த 16 வயதுப் பையன் என்ன தப்பு செய்தான்?

நடந்ததைச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முழுவதும் வாசித்தான், ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். திடப்படுத்தல் வகுப்புக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவன் அவன். பேராயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய பட்டியலை ஒரு வியாழக்கிழமை ராத்திரி மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். 23 பெயர்கள். அவன் பெயர் ஏழாவது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, நாற்காலியின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் கை நடுங்கியது என் முதுகில் தெரிந்தது. "அப்பா, என் பெயரை எடுத்துடுங்க. அந்தக் கேள்விக்கெல்லாம் ஆமான்னு சொல்ல எனக்கு இன்னும் நிச்சயம் இல்ல. எல்லார் முன்னாலயும் பொய் சொல்ல முடியாது."

நான் ஒரு மணி நேரம் அவனோடு பேசினேன். அவன் கேட்ட கேள்விகளை இங்கே எழுத மாட்டேன், அவை அவனுடையவை. கேலியாக ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அளவுகோலை வைத்து அவன் பெயரின்மேல் நானே கோடு போட்டேன்.

அவன் பொய் சொல்ல மாட்டேன் என்றான், அவ்வளவுதான். அதற்காகவா அவன் அப்பாவை எழுப்பி நிறுத்தினீர்கள்?

திடப்படுத்தல் என்றால் என்ன? குழந்தையாக இருந்தபோது அவனுக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கை இப்போது அவன் தன் வாயால் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். அதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வாரந்தோறும் நாம் சொல்கிற அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? "விசுவாசிக்கிறேன்" என்று ஒருமையில்தான் தொடங்குகிறது. 325இல் நிசேயா நகரில் கூடிய சபைத் தலைவர்கள் எழுதிய பிரமாணம் "விசுவாசிக்கிறோம்" என்று பன்மையில் இருந்தது, அது சங்கமாகக் கூடிச் சொன்னது. அப்போஸ்தலர் பிரமாணமோ ஞானஸ்நானத் தண்ணீரில் நின்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்ன அறிக்கையிலிருந்து வளர்ந்தது. அப்பா ஆயராக இருந்தாலும் அந்த வார்த்தையை மகனுக்காகச் சொல்ல முடியாது.

என் கதையையும் சொல்கிறேன். நான் 14 வயதில் திடப்படுத்தல் பெற்றேன். கூடப் படித்த எல்லோரும் பெற்றார்கள், நானும் பெற்றேன். பேராயர் தலையில் கை வைத்தபோது, வீட்டுக்கு எந்தெந்தச் சொந்தக்காரர் வந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்றார்கள். உண்மையில் நான் விசுவாசித்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து, அம்மா உள்ளே இருக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரியில். அன்றைக்குத்தான் என் சொந்த வாயால் கூப்பிட்டேன். நான் 14 வயதில் சொன்னதை மெச்சிய நீங்கள், அதைச் சொல்ல மறுத்தவனைக் குறை சொல்கிறீர்கள்.

"ஏலியை மறந்துவிட்டீர்களா ஐயா?" என்று ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். மறக்கவில்லை. எழுதுவதற்கு முன் 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். ஏலி ஆசாரியர். அவர் மகன்கள் ஓப்னியும் பினெகாசும்கூட ஆசாரியர்கள். ஜனங்கள் பலியிட்ட இறைச்சியைப் பானையில் வேகும்போதே முள்துறட்டியால் குத்தி எடுத்துக்கொண்டார்கள். கொடுக்காவிட்டால் பலவந்தமாக எடுப்போம் என்றார்கள். கூடார வாசலில் ஊழியம் செய்த பெண்களைக் கெடுத்தார்கள். அதெல்லாம் தெரிந்தும் ஏலி அவர்களை அடக்கவில்லை. அது பதவியில் இருந்தவர்கள் செய்த திருட்டும் அக்கிரமமும். ஒரு பள்ளிக்கூடப் பையன் 'எனக்கு இன்னும் நிச்சயம் இல்லை' என்று சொன்னதை அதோடு ஒப்பிட எப்படி மனசு வந்தது?

இன்னும் கொஞ்சம் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். எட்டாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் லஞ்சம் வாங்கினார்கள் என்று இருக்கிறது. சாமுவேல் நாம் எல்லோரும் ஓய்வுநாள் பள்ளியில் படம் வரைந்து வண்ணம் தீட்டிய அதே சாமுவேல்தான். அவர் பிள்ளைகள் அப்படி ஆனதற்காக அவரைக் குற்றப்படுத்தி வேதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தீத்து 1:6ஐ அனுப்பியவர்களும் உண்டு. சபை மூப்பரின் பிள்ளைகள் "விசுவாசமுள்ள" பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது 'பிஸ்டோஸ்' என்ற சொல். 1 கொரிந்தியர் 4:2இல் உக்கிராணக்காரன் (எஜமானின் பொருளை நிர்வகிப்பவன்) "உண்மையுள்ளவன்" என்று காணப்பட வேண்டும் என்கிறோமே, அங்கேயும் இதே சொல்தான். விசுவாசிக்கிறவன் என்றும் பொருள் உண்டு, உண்மையாக நடக்கிறவன் என்றும் பொருள் உண்டு. எந்தப் பொருளை எடுப்பது என்று படித்தவர்களே இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். இரண்டாவது பொருளை எடுத்தால், அந்த வியாழக்கிழமை ராத்திரி என் மகனைப்போல் 'பிஸ்டோஸாக' இருந்தவன் யார்?

ஒரு தாய் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னால் இப்படிச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "என் மகளும் போன வருஷம் இப்படித்தான் சொன்னாள். 'வரட்டும், போகப் போகச் சரியாகும்'னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?" என்று கேட்டிருந்தார். ஆமாம், சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் ஐந்து நிமிஷம்கூட உட்கார்ந்து பேசவில்லை. அது தப்பு. அவர்கள் வீட்டுக்கு இந்த வாரம் போகிறேன். அதற்கு மேல் இங்கே சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"ஆயர் பிள்ளை என்றால் ஒரு முன்மாதிரி வேண்டாமா?" இதுதான் அதிகம் பேர் கேட்டது. இதற்குத்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அபிஷேக ஆராதனையில் முழங்கால்படியிட்டது நான். கேள்விகளுக்கு "செய்வேன்" என்று பதில் சொன்னது நான். என் மகன் அப்போது பிறக்கவே இல்லை. அவன் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் பிறந்ததிலிருந்து கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறான். முன்வரிசையில் காலை ஆட்டாமல் உட்கார வேண்டும். வகுப்பில் குறைந்த மார்க் வாங்கினால் அடுத்த ஞாயிறு மூன்று பேர் விசாரிப்பார்கள். மாற்றல் வந்தால் நண்பர்களை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 16 வயதுக்குள் அவன் நான்கு பள்ளிக்கூடம் மாறியிருக்கிறான். உங்கள் பிள்ளைகளில் யார் அப்படி?

அவனுக்கு ஆறாவது பிறந்தநாள் அன்று சாயங்காலம் ஒரு சாவுச் செய்தி வந்தது. போக வேண்டியதுதான், போனேன். திரும்பி வரும்போது தூங்கியிருந்தான். ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவன் முறை வந்தபோது, "ஆண்டவரே, நாளைக்கு மட்டும் யாரும் சாகக் கூடாது" என்று ஜெபித்தான். வீட்டுக்கு வந்திருந்த ஒருவர், "எவ்வளவு இரக்கமுள்ள பிள்ளை!" என்று அவன் தலையைத் தடவினார். நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் எதற்காக ஜெபித்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளையிடம் வந்து இன்னும் ஒன்று கொடு என்கிறீர்கள்.

வில்லியம் கேரியைப் பற்றி மிஷனரி ஞாயிறுகளில் எல்லோரும் பிரசங்கிக்கிறோம், நானும்தான். 1793இல் அவர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு மிஷனரியாகக் கிளம்பியபோது மனைவி டாரதி வர மறுத்தார் என்பதைச் சொல்வதில்லை. பயணம் தாமதமானதால் கேரி திரும்பப் போய்க் கேட்க, தங்கை கூட வருவதென்றால் வருகிறேன் என்று கடைசி நேரத்தில் ஏறினார். மறு வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். டாரதியின் மனம் அதற்குப் பிறகு தேறவே இல்லை. 1807இல் அவர் இறக்கும் வரை அந்த வீட்டில் ஒரு பக்கம் வேத மொழிபெயர்ப்பு, ஒரு பக்கம் டாரதியின் அலறல். கேரியைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் டாரதியின் பெயரை நம் ஆலயங்களில் யார் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? ஊழியக்காரனின் அழைப்புக்கு அவன் வீட்டிலுள்ளவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

என் மனைவி ஞாயிறு கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தாள். வசனம் வாசித்தவருக்கும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆயரம்மா சிரித்த முகமாகத்தான் இருந்தார் என்று சொல்கிறீர்களாமே. வேறு என்ன முகம் வைத்துக்கொள்ள நீங்கள் அவளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்?

"தகப்பனாக நீங்கள் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிற்பாடு திருச்சபையின் பெரிய இறையியலாளரான அகஸ்டினுக்கு மோனிக்காவைவிட விசுவாசமுள்ள தாய் கிடைத்திருக்க முடியாது. அவன் வேறு மார்க்கத்தில் சேர்ந்தபோது அவள் ஒரு ஆயரிடம் போய், என் மகனோடு பேசித் திருத்துங்கள் என்று கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். அவனை இப்போதைக்கு விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய் என்றார். அகஸ்டினே பிற்பாடு இதை எழுதி வைத்திருக்கிறார். 387இல், ஈஸ்டர் இரவில், மிலானில் பேராயர் அம்புரோஸ் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது வயது 32. என் மகனுக்கு இருப்பதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. என் மகன் அகஸ்டின் ஆவான் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆயர் மோனிக்காவிடம் சொன்னதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். அவனை விட்டுவிடுங்கள். ஜெபம் பண்ணுங்கள்.

இதை முகநூலில் போடலாமா என்று கேட்பவர்கள், அந்தக் குரல்பதிவை முதலில் அனுப்பியவரிடம் போய்க் கேளுங்கள்.

கடைசியாக, வசனம் வாசித்த பெரியவருக்கு. ஐயா, உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் வீட்டில் ஒரு ராத்திரி விடியும் வரை நான் உட்கார்ந்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று நான் எந்த வசனத்தையும் எடுத்து உங்கள்மேல் வைக்கவில்லை. வாயிலே வந்தது, ஆனால் உங்களைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அன்று கேட்டது என்னோடு கல்லறைக்கு வரும், பயப்பட வேண்டாம். என் மகனுக்கும் நீங்கள் அதையே செய்வீர்கள் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு ராத்திரி விளக்கை அணைக்கப் போகும்போது அவன் கேட்டான். "அப்பா, என்னால உங்களுக்கு மாற்றல் வந்துடுமா?" இல்லடா என்றேன். "வந்தாலும் பரவாயில்ல, எனக்குப் பழகிடுச்சு" என்றான்.

22 பெயர்களோடு பட்டியல் போய்விட்டது. அடுத்த மாதம் பேராயர் வருகிறார். அன்றைக்கும் ஒலிபெருக்கி அவன்தான் பார்க்கிறான், அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஆராதனை முடிந்து போகும்போது அவன் பக்கமாகப் போனால் படிப்பைப் பற்றிக் கேளுங்கள், தோளைத் தட்டுங்கள். இதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.