பயோ படிக்கிற பிள்ளைக்கு இனிக் கணக்கு எதற்கு?

அக்காவின் மகள் உயர்தரத்துக்கு உயிரியல் பிரிவு எடுத்திருக்கிறாள். போன ஞாயிறு வெள்ளவத்தை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொந்தக்காரர் ஒருவர், "நல்லது பிள்ளை, இனிக் கணக்கோட மாரடிக்கத் தேவையில்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்குக் காடு என்றால் உயிர். சிங்கராஜ போய் வந்ததிலிருந்து அதே கதைதான். சரி, ஒரு காட்டில் 200 இனங்கள் என்று வைப்போம். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றையும் எப்படிப் பாதிக்கிறது என்று எழுத 39,800 எண்கள் வேண்டும். யார் போய் அளப்பது? ஆனால் அறைக்குள் இருக்கிற காற்றில் எந்த மூலக்கூறு எங்கே ஓடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லையே, அமுக்கமும் வெப்பநிலையும் போதும். இப்படித் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்தத்தைக் கணக்கிடுகிற புள்ளிவிபரப் பௌதிகவியலைத்தான் இப்போது காட்டுக்கும் கடலுக்கும் கொண்டுபோகிறார்கள்.

1972இல் சூழலியலாளர் ரொபர்ட் மே (இவரே பௌதிகவியல் படித்தவர்) அந்த எண்களை எழுமாறாகப் போட்டுப் பார்த்தார். அணுக்கருவை விளங்கிக்கொள்ளப் பௌதிகவியலாளர் விக்னர் பயன்படுத்திய எழுமாற்றுத் தாயங்கள்தான் (தாயம் என்றால் matrix, நிரை நிரலாக அடுக்கிய எண்கள்). இனங்களும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளும் கூடக்கூட, ஒரு எல்லைக்கு மேல் முழுத் தொகுதியும் உறுதி இழக்கிறது என்று வந்தது. பல்வகைமை இருந்தால் உறுதி தானாக வரும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. அப்படியென்றால் நிஜக் காடு எப்படி நிற்கிறது? இத்தனை வருடமாக ஆட்களை உறங்கவிடாத இந்தக் கேள்வியை இவ்வளவு கூர்மையாக்கியது கணக்குத்தான்.

அப்புறம், 2021இல் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜியோ பரிசி போன்றவர்கள் ஸ்பின் கண்ணாடிகளுக்காக (உள்ளே இருக்கிற அணுக் காந்தங்கள் ஒழுங்கில்லாமல் உறைந்துபோன பொருட்கள்) உருவாக்கிய முறைகளும் சூழலியலுக்குள் வந்தன. இனங்களின் போட்டி மென்மையாக இருந்தால் தொகுதி ஒரே நிலையில் அமர்கிறது. கடுமையானால் பல நிலைகள் சாத்தியமாகின்றன, சிலவேளை வெளியிலிருந்து யாரும் தொடாமலே எண்ணிக்கைகள் ஓயாமல் ஏறி இறங்குகின்றன.

இது எங்களுக்கு மிக நெருக்கமான விடயம். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமானது. கொழும்புக்குப் பக்கத்து ஈரநிலமான பெல்லன்வில - அத்திடியவில் ஒரு பறவை இனம் இந்த வருடம் குறைந்தால், அது மண் போட்டு நிரப்பியதால் வந்த சேதமா, தொகுதியின் சொந்த ஆட்டமா என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளிடம் பதினாறு வயதிலேயே இணைந்த கணிதத்தைப் பறித்துவிட்டு, பிறகு ஈரநிலத்தைக் காப்பாற்று என்றால் என்ன நியாயம்?

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் உயிரியல் பிள்ளைக்குத் தமிழில் நுண்கணிதமும் தாயமும் சொல்லிக்கொடுக்க விருப்பமுள்ள ஆசிரியர் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனிக்கிழமை பின்னேரம் அவளுக்கு நேரம் இருக்கிறது.