விருந்தினரின் டீயை வராந்தாவுக்குக் கொண்டு வாருங்கள்

டிசம்பர் 22 நெருங்கினாலே கல்லூரிக் கணிதத் துறைகள் பரபரப்பாகிவிடும். ராமானுஜன் பிறந்த நாள், 2012 முதல் தேசிய கணித நாள். பேனர், பொன்னாடை, மொமென்ட்டோ, கோலப் போட்டி, வினாடி வினா என்று வேலை குவியும். இவை எதுவும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கணிதக் கோலம் போடும் பிள்ளைகள் சமச்சீரைக் கையால் கற்றுக்கொள்கிறார்கள், நல்லதுதான். என் வருத்தம் வேறு. உரை முடிந்த கையோடு சீஃப் கெஸ்ட்டை ஹெச்.ஓ.டி. அறைக்கு அழைத்துப் போய் டீயும் முந்திரியும் கொடுக்கிறோம், மாணவர்களை வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். அவரிடம் ஏதாவது கேட்க நினைத்த பிள்ளைக்கு அதோடு வழி அடைபட்டுப் போகிறது.

நேரக் கணக்கைப் பாருங்கள். பத்து மணி நிகழ்ச்சி பிரின்சிபால் வந்து தொடங்கும்போது 10.20. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்து விருந்தினர் கைக்கு மைக் வர 11 மணி. அடுத்த பெல் 11.40க்கு. ஒரு மணி நேரத்துக்குத் தயாரித்து வந்தவர் நாற்பது நிமிடத்தில் ஸ்லைடுகளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். சடங்குகளைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். அறிமுகத்துக்கு மூன்று வாக்கியம் போதும். பரிசளிப்பை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள். உரைக்கு 45 நிமிடம், கேள்விக்கு 15 நிமிடம். இதில் யாரும் கை வைக்கக் கூடாது.

அழைப்பிலேயே பாதிக் காரியம் இருக்கிறது. "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்க சார்" என்று அழைத்தால் அவர் தன் பிஎச்.டி. தலைப்பைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். வருவது எந்த ஆண்டு மாணவர்கள், எத்தனை பேர், எதெது படித்திருக்கிறார்கள், அரங்கில் போர்டு இருக்கிறதா என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: உட்கார்ந்த இடத்திலேயே பிள்ளைகள் கையால் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு கொண்டு வாருங்கள்.

ராமானுஜன் நாள் என்றால் 1729 என்ற டாக்சி எண் கதைதான் என்று ஆகிவிட்டது. பள்ளியிலேயே கேட்டுச் சலித்த கதை அது. அதற்குப் பதிலாக பார்ட்டிஷனை எடுத்துப் பாருங்கள். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். யாராவது எட்டு என்பார்கள். 3+1, 1+3 இரண்டையும் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். அவர்களைத் தவறு என்று உட்கார வைக்காதீர்கள். அது 2-இன் மூன்றாம் அடுக்கு, அதுவும் அழகான கணக்கு. அடுத்து 5-க்கு ஏழு விதம். 6-க்குப் போகும்போது பாதிப் பேர் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள். பெரிய எண்ணிலிருந்து வரிசையாக இறங்கி வந்தால் எதுவும் தப்பாது என்பது அப்போது அவர்களுக்கே பிடிபடும். விடை 11. இதற்குப் பத்து நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிறகு 1 முதல் 24 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை விதம் என்ற அட்டவணையை போர்டில் எழுதி 4, 9, 14, 19, 24 ஆகியவற்றின் விடைகளை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். 5, 30, 135, 490, 1575. ஒரு நிமிடம் யாரும் பேச வேண்டாம். எல்லாம் ஐந்தால் வகுபடுகிறதே என்று முதலில் ஒரு பெஞ்சில் சத்தம் கேட்கும், பிறகு அரங்கம் முழுக்க. மக்மேகன் என்பவர் 200 வரை கணக்கிட்டுக் கொடுத்த அட்டவணை ராமானுஜனிடம் இருந்தது. 200-க்கான விடை மட்டும் சுமார் 3.97 லட்சம் கோடி. அந்த எண்களுக்குள் இந்த ஒழுங்கைக் கண்டு, அது எப்போதும் உண்மை என்று நிறுவி, 1919-இல் வெளியிட்டார். அவர் பார்த்ததை நம் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். மாலை மரியாதையோடு நிறுத்திவிட்டு இதைக் காட்டாமல் விடுவது அவருக்கும் நியாயமில்லை, பிள்ளைகளுக்கும் நியாயமில்லை.

அரங்க ஏற்பாட்டில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. போடியம் மைக் மட்டும் இருந்தால் பேசுபவர் போர்டு பக்கம் திரும்பியதும் குரல் போய்விடும். காலர் மைக் வேண்டும். முந்தின நாளே அதன் பேட்டரியை மாற்றிவிடுங்கள். போர்டை ஈரத்துணியால் துடைப்பதென்றால் உரைக்கு அரை மணி முன்பே துடைத்துவிடுங்கள், ஈரப் போர்டில் சாக்பீஸ் பிடிக்காது. பச்சைப் போர்டில் நீலமும் சிவப்பும் பின்வரிசைக்குத் தெரியாது. வெள்ளையும் மஞ்சளும் போதும். எழுத்து ஐந்து சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். இரண்டு போர்டு இருந்தால் முதல் போர்டை அழிக்காமல் இரண்டாவதுக்குப் போகலாம், மெதுவாக எழுதும் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

"எனி டவுட்ஸ்?" என்றால் அரங்கம் கப்சிப் ஆகிவிடும். சந்தேகம் இல்லாததால் அல்ல. ஆங்கிலத்தில் எழுந்து நின்று கேட்கப் பயம். தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்! "தமிழில் கேட்கலாம்" என்பதை மேடையிலிருந்தே, உரை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். உரை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டு, பிறகு கேள்வி கேளுங்கள். ஆசிரியர்கள் கடைசியில்தான் கேட்க வேண்டும். பேராசிரியர் முதலில் எழுந்து ஐந்து நிமிடம் கருத்துச் சொன்னால் அதற்குப் பிறகு எந்த மாணவரும் எழ மாட்டார்.

இனி டீ. விருந்தினரும் மாணவர்களும் சேர்ந்து வராந்தாவிலேயே குடிக்கட்டும். நாற்பது பேருக்கு நூறு மில்லி வீதம் நான்கு லிட்டர். கேன்டீனில் ஐந்து லிட்டர் கேனாகச் சொல்லிவிடுங்கள். ஒரு கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டால் ஆளுக்கு ஒரு கை சுண்டல் வரும். ஒரு பொன்னாடையைக் குறைத்தால் இந்தச் செலவில் நல்ல பங்கு அடைந்துவிடும். நாற்காலி போடாதீர்கள். போட்டால் ஆசிரியர்கள் ஒரு பக்கம், மாணவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுவார்கள். நின்றுகொண்டு குடித்தால் கலந்து பேசுவார்கள். அருகில் ஒரு போர்டும் சாக்பீஸும் கட்டாயம்.

போலந்தின் ல்வூவ் நகரில், இன்று அது உக்ரைனின் லிவிவ், ஸ்காட்டிஷ் கஃபே என்று ஒரு காபிக்கடை இருந்தது. பனாக், மசூர், உலாம் போன்ற கணித அறிஞர்கள் எல்லாம் அங்கே பளிங்கு மேசைகளில் கணக்கு எழுதுவார்கள், மேசையைத் துடைத்தால் எல்லாம் போய்விடும். 1935-இல் பனாக்கின் மனைவி ஒரு தடித்த நோட்டு வாங்கிக் கொடுத்தார், அதைக் கடையிலேயே வைத்தார்கள். 1936-இல் அதில் மசூர் எழுதிய ஒரு கணக்குக்குப் பரிசு உயிருள்ள வாத்து. ஸ்வீடனின் பெர் என்ஃப்ளோ அதற்கு விடை கண்டு 1972-இல் வார்சாவில் அந்த வாத்தை வாங்கிக்கொண்டார். நம் துறைக்கும் ஒரு நோட்டு போதும், 200 பக்கம், நூலகத்தில் பூட்டாமல் வராந்தா மேசையில். பரிசுக்கு ஒரு டீயும் வடையும்.

டீ முடிந்ததும் வராந்தா போர்டை அழிக்க வேண்டாம் என்று துப்புரவு அக்காவிடம் சொல்லி வையுங்கள். 7-க்கு 15 விதம், 14-க்கு 135 விதம் என்று ஏழு ஏழாகத் தாண்டிப் போனால் ஏதாவது ஒழுங்கு வருமா, எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் அதில் இருக்கட்டும். மறுநாள் காலை முதல் பீரியடுக்குப் போகும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.