பாட்டில் தொங்கவிட்டவனை மட்டும் திட்டாதீர்கள்

காரைத் தானாக லேனில் ஓட விட்டு, கைக்குப் பதிலாக ஸ்டீயரிங்கில் வாட்டர் பாட்டிலைத் தொங்கவிட்ட ஒருவரின் வீடியோவை நேற்றிலிருந்து இருபது பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "படிச்ச முட்டாள், லைசென்ஸைப் பிடுங்கணும்" என்கிறீர்கள். பிடுங்கட்டும். பின் சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கில் பாட்டிலைத் தொங்கவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தது தப்புதான்.

ஆனால் அரை லிட்டர் தண்ணீரை மனிதக் கை என்று நம்பியது யார்? அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

காரைத் தானாக லேனில் ஓட்டும் சிஸ்டம், ஓட்டுபவரின் கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதா என்று பார்க்கும். பல கார்களில் அதைக் கண்டுபிடிப்பது, ஸ்டீயரிங்கில் விழும் சின்ன முறுக்கு விசையை வைத்துத்தான். ஒரு பக்கமாகத் தொங்கும் பாட்டிலும் அதே இழுவையைத் தரும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். கை தொடுவதை உணரும் ஸ்டீயரிங் இருக்கிறது. கண் சாலையில்தான் இருக்கிறதா என்று இருட்டிலும் பார்க்கும் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. செலவு கூடும் என்று விட்டுவிடுகிறோம்.

"மேனுவலில் எச்சரிக்கை போட்டிருக்கே" என்பீர்கள். நான் இந்த சிஸ்டங்களைச் சோதித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். போன மார்கழியில் திண்டிவனம் தாண்டி நாற்பது நிமிடம் வண்டி தானாகவே லேனில் போய்க்கொண்டிருந்தது. என் கண் திறந்துதான் இருந்தது. மீடியன் இடைவெளியில் பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று குறுக்கே வந்தது. பக்கத்தில் இருந்த தம்பி "அண்ணே!" என்று கத்திய பிறகுதான் என் கால் பிரேக்குக்குப் போனது. கேன் வாயில் செருகியிருந்த வைக்கோல் வரை தெரிந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். மேனுவலை வரிவரியாகப் படித்தவன் நான். எனக்கே இந்தக் கதி.

சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிற வேலையில் அரை மணி நேரத்துக்குள் கவனம் சரியும் என்று உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948-லேயே சோதித்துக் காட்டிவிட்டார். ரேடார் திரை முன் உட்காருபவர்களுக்காகச் செய்த ஆய்வு அது. மனிதன் இப்படித்தான் என்று தெரிந்தே அவனிடம் காவல் வேலையைக் கொடுத்துவிட்டு, தூங்கினால் அவனைத் திட்டுவது என்ன நியாயம்? அமெரிக்காவில் 2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்களுக்குக் குறையைச் சரிசெய்ய ரீகால் அறிவித்தார்களே, எதற்கு? ஓட்டுபவரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதவில்லை என்றுதான். அங்கே திருத்தச் சொன்னது வண்டியை.

"கேமரா வெச்சா அதுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவான்" என்று ஒரு நண்பர். ஒட்டட்டும். கேமரா மறைந்தால் எச்சரித்துவிட்டு சிஸ்டம் விலகிக்கொள்கிற மாதிரி மென்பொருள் எழுத முடியும். விலை ஏறும் என்பவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. சன்ரூஃபுக்குக் கொடுக்கிறோம் இல்லையா?

முன்பு வேலை பார்த்த இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு மீட்டிங்குக்கு முன்னால் பாட்டிலைக் கயிற்றில் கட்டி எல்லாரையும் காரில் ஏற்றி ஓட்டிக் காட்டினேன். "யார் சார் இப்படிச் செய்யப்போறாங்க?" என்று கேட்டார்கள். "பிறகு பரிசீலிக்கலாம்" என்று மினிட்ஸில் ஒரு வரி எழுதினார்கள். நேற்று அந்த வீடியோவில் குழந்தை பின் சீட்டிலிருந்து எட்டி அந்தப் பாட்டிலைத் தொடப் பார்க்கிறது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.